கண்மாய் நிறையட்டும் என்றவர்

சென்ற மாதம் எங்கள் சபையிலிருந்து இரண்டு இளம் உபதேசியார்கள் வீட்டுக்கு வந்து, அச்சடித்த படிவம் ஒன்றை என் கையில் கொடுத்தார்கள். புதிதாக விசுவாசத்துக்கு வருகிறவர்களைப் பற்றி எழுதி வைக்க இனிமேல் இந்தப் படிவம்தானாம். பெயர், வயது, ஊர், தொழில், யார் மூலம் அறிந்தார் என்று வரிசையாகக் கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் ‘ஞானஸ்நானம் பெற விரும்பும் தேதி’ என்று இருந்தது. நீண்ட காலம் இந்த வேலை பார்த்தவர் நீங்கள், ஏதாவது மாற்ற வேண்டுமானால் சொல்லுங்கள் என்றார்கள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்துவிட்டு, அந்தக் கடைசிக் கட்டத்தை மட்டும் அடித்துவிடச் சொன்னேன். ஏன் என்று கேட்டார்கள். காப்பி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை, எழுதித் தருகிறேன் என்று அனுப்பி வைத்தேன். எழுதித் தருவதாகச் சொல்லி நான் தாமதிக்காமல் உட்கார்ந்தது என் ஆயுளில் இதுதான் முதல் தடவை.

சமஸ்தானம் போய், புதுக்கோட்டையைத் திருச்சி ஜில்லாவோடு சேர்த்த வருஷம் நான் வேலையில் சேர்ந்தேன். கர்த்தர் என்னை அழைத்தார் என்று எல்லா உபதேசியாரும் சொல்வார்கள். என்னை அழைத்தது என் அப்பா. குளத்தூர் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா வேலைக்கு இரண்டு தடவை எழுதிப் போட்டு இரண்டு தடவையும் கிடைக்கவில்லை. மூன்றாவது மனு எழுத உட்கார்ந்தபோது அப்பா காகிதத்தைப் பிடுங்கிவிட்டு, பேசாமல் உபதேசியார் படிப்புக்குப் போடா என்றார். திருச்சியில் இரண்டு வருஷம் படித்தேன். பிரசங்கம் செய்வது, ஆர்மோனியத்தில் நான்கு பாட்டு வாசிப்பது, சைக்கிளில் ஏறுவது மூன்றும் அங்கே கற்றவை. சைக்கிளிலிருந்து ஒழுங்காக இறங்குவதை அன்னவாசல் ரோட்டில்தான் கற்றேன்.

உபதேசியார் என்றால் போதகருக்குக் கை மாதிரி. போதகர் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை ஒரு ஊருக்கு வருவார். மற்ற நாட்களில் உபதேசியார் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பாடம் சொல்ல வேண்டும். ஞானஸ்நானம் வேண்டும் என்று கேட்கிறவரை எங்கள் சபையில் ஆயத்தக்காரர் என்போம். அவருக்கு ஆறு மாதம் பாடம். பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், இவற்றுக்கு அர்த்தம் எல்லாம் அவர் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு போதகர் வந்து சோதித்து, திருப்தியானால் தலையில் மூன்று தடவை தண்ணீர் ஊற்றுவார். ஆறு மாதப் பாடத்தைப் பதினோரு வருஷம் படித்த ஓர் ஆயத்தக்காரர் எனக்கு வாய்த்தார்.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் போதகரைப் பற்றிச் சொல்ல வேண்டும். போதகர் பாக்கியநாதன் ஐயா ஒல்லியான மனிதர். மழையே பெய்யாத எங்கள் சீமையில் வருஷம் முழுக்கக் குடையோடு நடப்பார். இடுப்புயரப் பிள்ளையைக்கூட ‘நீங்க, வாங்க’ என்றுதான் பேசுவார். வீட்டுக்காரர் உட்காரச் சொல்லும்வரை உட்கார மாட்டார். உட்கார்ந்ததும் மடியில் ஆயத்தக்காரர் பதிவேட்டை விரிப்பார். வலப் பக்கம் பென்சில், இடப் பக்கம் மைப் பேனா, நடுவில் ஒரு சிவப்பு ரப்பர். நடக்கப் போகிறதைப் பென்சிலில் எழுதுவார், நடந்து முடிந்ததை மையில் எழுதுவார். இந்த முறையை அவர் ஒருநாளும் மாற்றியதில்லை. ஆயத்தக்காரரிடம் அவர் கேட்கும் கேள்வி மூன்றுதான். யாரை நம்புகிறீர்கள்? எதற்காக நம்புகிறீர்கள்? எப்போது எடுத்துக்கொள்கிறீர்கள்? முதல் இரண்டுக்கும் பதில் சொல்லத் தெரியாதவரை அவர் கோபித்து நான் பார்த்ததில்லை. மூன்றாவதற்கு ஒருவர் தயங்கினால் மட்டும் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். எனக்கு அந்தப் பார்வை பழக மூன்று வருஷம் ஆயிற்று.

இனி மூக்கையா. அன்னவாசலிலிருந்து மூன்று மைல் உள்ளே தள்ளி ஒரு ஊர். அவருடைய பேரப்பிள்ளைகள் இன்னும் அங்கே இருப்பதால் ஊர்ப் பெயர் வேண்டாம். கண்மாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நஞ்சை, ஒரு ஜோடி மாடு, மனைவி வள்ளிக்கண்ணு, கட்டிக் கொடுத்த ஒரு மகள். சந்தையில் நான் பேசியதைக் கேட்டுவிட்டு அவராகவே என்னைத் தேடி வந்தார். மூன்றே மாதத்தில் பாடம் எல்லாம் தலைகீழ்ப் பாடம். சேவல் கட்டுக்குப் போவதை விட்டார், சாராயத்தை விட்டார். டீக்கடையில் யாராவது இயேசுவைக் கேலி பேசினால் எனக்கு முன்பாக அவர் எழுந்து பதில் சொல்வார். நான் பேசினால் தூங்குகிறவர்கள் மூக்கையா பேசினால் விழித்துக்கொண்டு கேட்பார்கள். இந்த மனிதரை அடுத்த தடவையே போதகர் முன் நிறுத்தி நல்ல பெயர் வாங்கிவிடலாம் என்று நினைத்தேன்.

போதகர் வந்தார். முதல் இரண்டு கேள்விக்கும் மூக்கையா சொன்ன பதிலைக் கேட்டு அவர் தலையை ஆட்டினார். அவர் தலையாட்டுவது அபூர்வம். எப்போது என்று கேட்டதும் மூக்கையா என்னைப் பார்த்து, “எம்புட்டுத் தண்ணி ஊத்துவீக?” என்றார். ஒரு சொம்பு என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

“ஒரு சொம்புத் தண்ணியில எது நனையும் உபதேசியாரே? தலை நனையும். மத்த எடமெல்லாம் பழைய மூக்கையாவாத்தானே இருக்கும்? எடுத்தா முழுசா முங்கி எடுக்கணும். நம்ம கண்மாய் நெறையட்டும், வாரேன்.”

தண்ணீரின் அளவில் ஒன்றும் இல்லை, உங்களைக் கழுவுகிறது கண்மாய் இல்லை, கிறிஸ்து என்று போதகர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். மூக்கையா எல்லாவற்றுக்கும் ஆமா போட்டுவிட்டு, கண்மாய் நிறையட்டும் என்று முடித்தார். சரி, கண்மாயிலேயே வைத்துத் தருகிறேன் என்று போதகர் இறங்கி வந்து, பென்சிலை எடுத்து ‘ஐப்பசி’ என்று எழுதினார்.

எங்கள் சீமைக் கண்மாயைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அது நிறைவது அதன் இஷ்டம். அந்த ஐப்பசியில் முழங்காலுக்குத்தான் தண்ணீர் வந்தது. மூக்கையா கரையில் நின்று என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். போதகர் ரப்பரால் அழித்துவிட்டு ‘அடுத்த ஐப்பசி’ என்று எழுதினார். அடுத்த வருஷம் கணுக்கால். அதற்கடுத்த வருஷம் கண்மாய்க்குள் பையன்கள் பந்து விளையாடினார்கள். நான்காம் வருஷம் அடைமழை பெய்து கண்மாய் நிறைந்து, உபரித் தண்ணீர் வெளியேறுகிற கலுங்கு பாய்ந்தது. நான் மகிழ்ச்சியோடு போதகரையும் கூட்டிக்கொண்டு ஓடினேன். மூக்கையா இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டு, “தண்ணி வந்த நேரத்துல மனுசன் வயலப் பாப்பானா, வேறெதப் பாப்பான்? அறுப்பு முடியட்டும்ங்க” என்றார். அறுப்பு முடிந்தபோது கண்மாயில் தண்ணீரும் முடிந்திருந்தது.

இப்படியே போயிற்று. தண்ணீர் இல்லாத வருஷம் தண்ணீர் இல்லை, தண்ணீர் உள்ள வருஷம் நேரம் இல்லை. பதிவேட்டில் அவருடைய வரியை அழித்து அழித்துக் காகிதம் தேய்ந்து ஓட்டை விழுந்துவிட்டது. போதகர் பின்பக்கம் ஒரு துண்டுக் காகிதத்தைப் பசை போட்டு ஒட்டி, அதன்மேல் பென்சிலால் எழுதினார். அந்த ஒட்டுக்கு மேலும் இரண்டு தடவை ரப்பர் ஓடியது.

உண்மையான காரணம் எனக்கு ஏழாம் வருஷம்தான் தெரிந்தது. மூக்கையாவுக்கும் அவருடைய பங்காளி ராமையாவுக்கும் மடைத் தண்ணீர் முறையில் பழைய தகராறு. ராமையா முறை தாண்டி ஒரு நாழிகை கூடுதலாகப் பாய்ச்சிக்கொள்வார் என்பது இவர் கட்சி. ஒருநாள் பாடம் முடிந்து நான் சைக்கிளைத் தள்ளும்போது மூக்கையா கூடவே வந்து மெதுவாகக் கேட்டார்.

“எடுத்ததுக்கப்புறம் அந்தப் பயலோட சண்டை போடக் கூடாதுல்ல?”

கூடாது என்றேன்.

“அப்ப ஒரே ஒரு தடவ அவன மடையில வச்சு மடக்கிப்புடுறேன். அதுக்கப்புறம் கண்மாயாவது கெணறாவது, எங்கிட்டுக் கூப்புட்டாலும் வாரேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவரும் சிரித்தார். அன்றைக்கு நான் சிரித்திருக்கக் கூடாது. ஒரு மனிதர் தன் ஆத்துமாவை ஒரு வாய்க்கால் சண்டைக்காக நிறுத்தி வைத்திருக்கிறார் என்று எனக்கு உறைக்கவில்லை. நல்ல வேடிக்கை என்று போதகரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

பாடத்தில் பத்தொன்பதாவது பகுதி ஒன்று உண்டு. உயிர் போகும் ஆபத்தில் போதகர் பக்கத்தில் இல்லாவிட்டால் விசுவாசி யாராயிருந்தாலும் தண்ணீர் ஊற்றி, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற நாமத்தைச் சொல்லி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது அது. மூக்கையாவுக்கு மிகப் பிடித்த பாடம் அதுதான். “அப்ப பயமில்ல” என்று தொடையில் தட்டிக்கொண்டார். அன்றைக்கு வீட்டுக்குள்ளே கதவுக்குப் பின்னாலிருந்து வள்ளிக்கண்ணு ஒரு கேள்வி கேட்டது. அது எந்தத் தண்ணீராக இருக்க வேண்டும் என்று. எந்தத் தண்ணீரானாலும் சரி என்றேன். அந்தப் பெண் பாடத்தில் வாய் திறந்தது அந்த ஒரு தடவைதான். நெல் புடைக்கிற சத்தமும் அம்மி அரைக்கிற சத்தமும்தான் எப்போதும் கதவுக்குப் பின்னால் கேட்கும். அதனிடம் நான் ஒருநாளும், உனக்கு வேண்டுமா என்று கேட்டதில்லை. கணவர் எடுத்தால் தானாக மனைவியும் வரும் என்பது அப்போதைய என் கணக்கு.

பத்தொன்பதாம் பாடத்தை நம்பி மூக்கையா மூன்று தடவை எனக்கு ஆள் அனுப்பினார். முதல் தடவை தேள் கொட்டியதற்கு. நான் செருப்பில்லாமல் சைக்கிள் மிதித்துப் போனேன். அவர் பலாச்சுளை தின்றுகொண்டிருந்தார், எனக்கும் கொடுத்தார். இரண்டாம் தடவை காய்ச்சல். நான் போய்ச் சேர்ந்தபோது வேர்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்து, வந்ததற்கு ஒரு பாட்டுப் பாடச் சொன்னார். மூன்றாம் தடவை மாடு முட்டியது. முட்டிய மாட்டுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் இப்போதே எடுத்துவிடுங்களேன் என்று கெஞ்சினேன். பயத்தில் எடுத்தான் என்று ஊரில் சொல்வார்கள், கண்மாய் நிறையட்டும் என்றார்.

பதினோராம் வருஷம் கார்த்திகையில் கண்மாய் நிறைந்தது. ஏழு வருஷமாக அப்படி நிறையவில்லை என்று ஊரே கரையில் நின்று பார்த்தது. மூக்கையா அவராகவே என்னிடம், நடவு இன்னும் மூன்று நாளில் முடியும், போதகரை அழைத்து வாருங்கள் என்றார். எனக்கே நம்பிக்கை வரவில்லை. போதகர் சனிக்கிழமை வருவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை மதியம் நான் சாப்பிட உட்கார்ந்தபோது வள்ளிக்கண்ணுவின் தம்பி மூச்சு வாங்க வந்து நின்றான்.

“அத்தானுக்கு நெஞ்சு அடைக்குதாம். ஒங்களக் கையோட கூட்டியாரச் சொன்னாக.”

எனக்குப் பலாச்சுளை ஞாபகம் வந்தது. மாதாந்தர அறிக்கை பாதியில் கிடந்தது. போதகர் வரும்போது அது முடிந்திருக்க வேண்டும். காலையில் எப்படியும் போதகரோடு போகத்தானே போகிறோம், அவர் கையாலேயே எடுத்துக்கொள்வது மூக்கையாவுக்கும் மரியாதை என்று தோன்றியது. நியாயங்கள் வரிசையாக வந்து நின்றன. மூக்கையாவிடம் அவை வரும்போது எனக்கு அடையாளம் தெரியும். என்னிடம் வந்தபோது தெரியவில்லை.

“நாளைக்குக் காலையில போதகர் ஐயாவோடயே வாரேன்னு சொல்லு” என்று சொல்லி அனுப்பினேன்.

மறுநாள் அன்னவாசலில் பஸ் இறங்கி நானும் போதகரும் நடந்தோம். கண்மாய் கரை தட்டிக் கிடந்தது. போதகர் குடையை ஊன்றி நின்று, ஒருவழியாக உங்கள் மூக்கையாவுக்குத் தண்ணீர் கிடைத்துவிட்டது என்றார். அவர் கேலி பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். கரை இறக்கத்தில் தாரை தப்பட்டைச் சத்தம் கேட்டது. யார் வீட்டில் என்று எதிரே வந்தவரைக் கேட்டேன். மூக்கையா வீட்டில் என்றார்.

வள்ளிக்கண்ணு எங்களைக் கண்டதும் எழுந்து உள்ளே அழைத்துப் போய், முந்தின நாளிலிருந்து நடந்ததைச் சொன்னது. உபதேசியார் நாளைக்கு வருவார் என்று தம்பி வந்து சொன்னதும் மூக்கையா சிரித்தாராம். நம்ம வார்த்தையே நமக்கு வருது பாத்தியா என்றாராம். பொழுது சாய்வதற்குள் பங்காளி ராமையாவை வரவழைத்தார். ராமையா பயந்துபோய் அரிவாளோடு வந்து வாசலில் நின்றிருக்கிறார். இந்த முறைத் தண்ணீரை நீயே பாய்ச்சிக்கொள், என்னை மன்னித்துவிடு என்று மூக்கையா அவர் கையைப் பிடித்திருக்கிறார். ராமையா அரிவாளை எங்கே வைப்பது என்று தெரியாமல் தன் வேட்டியையே கிழித்துக்கொண்டாராம். இதைச் சொல்லும்போது வள்ளிக்கண்ணு அழுகைக்கு நடுவில் லேசாகச் சிரித்தது.

விடிகிற நேரத்தில் வலி கூடியது. என்னைக் கண்மாய்க்குத் தூக்கிக்கொண்டு போங்கள் என்றாராம். கட்டிலைத் தூக்க ஆள் கூப்பிடுவதற்குள் வேண்டாம் என்று கையைக் காட்டியிருக்கிறார். பிறகு நடந்ததை அது சொன்னபடியே எழுதுகிறேன்.

“அந்தச் சொம்பே போதும்னாக. நீயே ஊத்துன்னாக. கதவுக்குப் பின்னால கேட்ட மாதிரியே மூணு பேரையும் சொல்லி மூணு தடவ ஊத்துனேன்.”

போதகர் தரையில் உட்கார்ந்தார். யாரும் உட்காரச் சொல்லாமல் அவர் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். மிகவும் மெதுவாகக் கேட்டார்.

“நீங்க நம்புனீங்களாம்மா?”

“நம்பாமயா சொம்ப எடுத்தேன்?”

“மூணாவது தடவ ஊத்துனப்ப மூச்சு இருந்துச்சா?”



“தெரியலைங்க. நான் மொகத்தப் பாக்கல. தண்ணி சிந்திறக் கூடாதேன்னு சொம்பையே பாத்துக்கிட்டிருந்தேன்.”

அடக்கம் ஊர் வழக்கப்படி நடந்தது. போதகர் ஓரமாக நின்று ஜெபித்தார். திரும்பி வரும்போது கரைமேல் நான் வெள்ளிக்கிழமை ஆள் வந்ததையும் நான் சொல்லி அனுப்பியதையும் அவரிடம் சொல்லிவிட்டேன். கலுங்குக்கு வந்ததும் நின்றார்.

“பதினோரு வருஷம் அவர் சொன்னத நீங்க ஒருநாள் சொல்லியிருக்கீங்க” என்றார். பிறகு, “அவருக்காவது மடை இருந்துச்சு, ராமையா இருந்தாரு. நீங்க எதுக்காகத் தள்ளிப் போட்டுட்டிருக்கீங்க, உபதேசியாரே?” என்றார்.

அவர் மாதாந்தர அறிக்கையைப் பற்றிக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். தொட்டிலில் கிடக்கும்போதே எனக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. ஊர் ஊராகப் போய் இரட்சிப்பைப் பற்றிப் பேசினேன். எனக்கு அது வேண்டும் என்று ஒருநாளும் கேட்டதில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று எங்கோ ஒரு மூலையில் வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. சைக்கிளைக் கொண்டு வராததால் பிடித்துக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. கலுங்குக் கல்லின்மேல் உட்கார்ந்து, அதைக் கர்த்தரிடம் அங்கேயே கேட்டேன். போதகர் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார், அன்று வெயிலும் இல்லை, மழையும் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு ஆறுதல் சொல்ல இருவரும் மறுபடி அந்த வீட்டுக்குப் போனோம். பேசிக்கொண்டிருக்கும்போது வள்ளிக்கண்ணு தனக்கும் ஞானஸ்நானம் வேண்டும் என்றது. ஆறு மாதப் பாடம் உண்டு என்று நான் வழக்கப்படி ஆரம்பித்தேன். போதகர் என்னைக் கையமர்த்திவிட்டுக் கேள்வி கேட்டார். பத்துக் கட்டளையையும் தடங்கல் இல்லாமல் சொன்னது. விசுவாசப் பிரமாணத்தில் நான் எப்போதும் இருமுகிற இடத்தில் அதுவும் ஒரு இருமல் இருமிவிட்டு மேலே சொன்னது. பாடத்தில் அந்த இருமலும் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. போதகர் என் பக்கம் திரும்பாமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார். முதல் கேள்வியும் இரண்டாம் கேள்வியும் முடிந்தன. அவர் பென்சிலை எடுத்துக்கொண்டு மூன்றாவதைக் கேட்டார்.

“எப்ப எடுத்துக்கிறீங்கம்மா?”

வள்ளிக்கண்ணு அடுப்படிப் பக்கம் கையைக் காட்டியது.

“கொடத்துல தண்ணி இருக்கு.”

போதகர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். ஊற்றி முடித்த பிறகு ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவைத் திறந்து, அதன் பெயரையும் அன்றைய தேதியையும் மையில் எழுதினார். அவருடைய பதிவேட்டில் பென்சில் படாமல் மையில் ஏறிய பெயர் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

மூக்கையாவின் வரி அதற்கு மேலேயே இருந்தது, ஒட்டுப் போட்ட காகிதத்தின்மேல் பென்சிலில். அதை மையில் எழுதுவாரா, அழிப்பாரா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் செய்யவில்லை. மனம் திரும்பினார் என்பது ராமையாவுக்குத் தெரியும், மற்றது கர்த்தருக்குத் தெரியும் என்று சொல்லி, சிவப்பு ரப்பரை என்னிடம் கொடுத்துவிட்டார். மூக்கையா பரலோகத்தில் இருக்கிறார் என்றுதான் நான் நம்புகிறேன். ஆனால் நம்புகிறேன் என்று மட்டுமே சொல்ல முடிகிறது. ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி முடியுமா முடியாதா என்ற நேரத்தில் வந்து நிற்கும்படி அந்த நல்ல மனிதர் தன்னை வைத்துக்கொண்டாரே என்று இன்றைக்கும் ஆறவில்லை. ஒருநாள் முன்னால் நான் போயிருக்கலாம் என்பதும் ஆறவில்லை.

இளம் உபதேசியார்களே, கடைசிக் கட்டத்தை அடிக்கச் சொன்னது இதனால்தான். தேதி எழுதக் கட்டம் இருந்தால் மனிதர் தேதி சொல்வார். நாமும் எழுதிக்கொண்டு வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுவோம். அச்சடித்த இடம் வீணாகிறதே என்று வருத்தமாக இருந்தால், அந்த இடத்தில் வேறு ஒரு கேள்வியைப் போட்டுக்கொள்ளுங்கள்: ‘வீட்டில் குடத்தில் தண்ணீர் இருக்கிறதா?’